சண்டை போடாத கப்பலுக்கு ஒரு பொட்டு

என் கணவர் ஆறு குளிர்காலம் ஒரு போர்க்கப்பல் கட்டினார். எங்கள் சாப்பாட்டு மேசைமேல். அந்த ஆறு வருஷமும் நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், மாண்ட்ரியலுக்கு வந்தும் சம்பிரதாயத்தை விடவில்லை பாருங்கள் என்று மெச்சிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

எழுபதுகளின் முதல் பாதி அது. நோத்ர-டாம்-த-கிரேஸில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். பகலில் அலுவலகத்தில் அணைக்கட்டு மதகுகளை வரைகிற மனிதர், நவம்பர் பிறந்ததும் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிய கையோடு கப்பல்முன் உட்கார்ந்துவிடுவார். ஊரில் இருந்தவரை அவருக்குக் கடல் என்றால் மெரினாவில் சுண்டல் தின்கிற இடம், அவ்வளவுதான். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், எங்கள் தெருமுனை மாதா கோவிலின் நிலவறையில் சனிக்கிழமைதோறும் கூடுகிற மாதிரிக் கப்பல் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். உள்ளே கணகணப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காகப் போனாராம். பிறகு அதிலிருந்து மீளவே இல்லை.

கப்பலின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. கணவர் பெயரைச் சொல்லாத பழக்கம் அவர் கப்பலுக்கும் ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடற்படைக்காகப் பம்பாயில் கட்டிய பாய்மரக் கப்பல். மூன்று பாய்மரம், இரண்டு பக்கமும் பீரங்கிகள், கறுப்பு உடம்பின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. முழுக்க முழுக்க மலபார்த் தேக்கு. நம்ம ஊர் மரம் என்பதாலேயே அதைத் தேர்ந்தெடுத்தார். மாதிரிக்கும் தேக்குதான் வேண்டும் என்று பிடிவாதம். இந்த ஊரில் தேக்குக்கு எங்கே போவது? ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் சப்பாத்திப் பலகை கீற்றுக் கீற்றாக மேசைமேல் கிடந்தது. அந்தக் கப்பலின் மேல்தளம் முழுவதும் என் சப்பாத்திப் பலகைதான். இதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சங்கத்துத் தலைவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். இளவயதில் கப்பல் பட்டறையில் தச்சராக இருந்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. சங்கத்துக்கு அவர் போட்ட விதிகள் இரண்டுதான். முதலாவது, பொதுவாக ஒரு கப்பலைச் செய்யக்கூடாது. குறிப்பிட்ட ஒரு நாளின் கப்பலைச் செய்ய வேண்டும். கப்பல் என்பது மாறிக்கொண்டே இருப்பது. இந்த வருஷம் ஒரு பாய்மரம் மாறும், அடுத்த வருஷம் நான்கு பீரங்கி குறையும், கேப்டன் மாறினால் நிறம் மாறும். ஆகவே இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன தேதியில் இந்தக் கப்பல் இப்படி நின்றது என்று அட்டையில் எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது, கப்பலில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்தில் ஆதாரம் வேண்டும். எதைப் பார்த்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "காகிதம் எங்கே?"

அந்தக் காகித வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்கிறேனே தவிர, நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை. சென்னையில் சரித்திரத்தில் எம்.ஏ. வாங்கியவள் நான். இந்த நாட்டுக்குள் வந்தபோது நிரப்பிய படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுத வைத்தார்கள். அந்த 'இல்லை' அதற்குப் பிறகு நிரப்பிய எல்லாப் படிவத்திலும் கூடவே வந்தது. பட்டச் சான்றிதழ் பெட்டியின் அடியில், பட்டுப் புடவைக்குக் கீழே கிடந்தது. அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனவே, கப்பலின் பணி வரலாற்றைத் தேடித் தர முடியுமா என்று கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அவர் வாக்கியத்தை முடிக்கும்முன்பே சரி என்றேன்.

வாரத்துக்கு இரண்டு நாள், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, ஷெர்புரூக் தெருப் பேருந்தில் ஏறி மலையடிவாரப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போவேன். கப்பலில் தினமும் எழுதிய லாக் புத்தகங்களின் மைக்ரோஃபில்ம் சுருள்கள் லண்டனிலிருந்து எனக்காக வரவழைக்கப்பட்டிருந்தன. இருட்டறையில் அந்தக் கிறுக்கல் கையெழுத்தைப் படித்து, ஒரு நாளுக்கு ஓர் அட்டை என்று எழுதி, வீட்டில் ஷூ பெட்டிகளில் அடுக்கினேன். காற்று எந்தத் திசை, எத்தனை பீப்பாய் தண்ணீர், யாருக்குக் காய்ச்சல், எந்த ஆட்டுக்குட்டி கடலில் விழுந்தது என்று எல்லாம் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இந்த ஊரில் இருந்ததில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொள்வேன்.

ஒரே ஒரு சிக்கல்தான். என் கணவர் காத்திருந்தது ஒரு சண்டைக்கு. பெரிய யுத்தம் ஒன்று நடந்த நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, எல்லாப் பீரங்கியையும் வெளியே நீட்டி வைக்க வேண்டும் என்று ஆசை. நானும் தேடினேன், தேடினேன். கப்பல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர் முடிந்திருந்தது. வேலை இல்லை என்று மேலே ஒரு கூரையைப் போட்டு வருஷக்கணக்கில் ஓரமாகக் கட்டி வைத்துவிட்டார்கள். பிறகு அவிழ்த்து விட்டார்கள். ஒரு தூதரையும் அவர் மனைவியின் பியானோவையும் எங்கோ கொண்டுபோய் இறக்கியது. நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்குக் காவல் நின்றது. கடற்கொள்ளைக்காரர்களைத் தேடிப் போனது; ஒருவரும் அகப்படவில்லை. சென்னைக்கு முன்னால் கடலில் நங்கூரம் போட்டு, தபாலுக்காக நாள்கணக்கில் காத்துக் கிடந்தது. பீரங்கி வெடித்தது எல்லாம் யாராவது பெரிய மனிதருக்கு மரியாதை செலுத்தத்தான்.

கடைசி அட்டையை எழுதி முடித்த அன்று சொல்லிவிட்டேன். "இந்தக் கப்பல் ஒரு சண்டைகூடப் போடலைங்க."

அவர் கையில் இடுக்கியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுகூடவா?" என்றார். பிறகு, "அப்ப நாப்பது வருஷம் என்னதான் பண்ணிச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. கப்பலைச் சொன்னாரா, என்னையா என்று யோசிக்கிற அளவுக்குச் சுருக்கென்றது. தபால் கொண்டுபோனது, காவல் நின்றது, தண்ணீர் பிடித்தது, துணி துவைத்தது, ஒருவரையும் கொல்லவில்லை, அது வேலை இல்லையா என்று படபடவென்று பொரிந்து தள்ளினேன். அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். மறுநாள் காலையில், ஒரு துறைமுகத்துக்கு அட்மிரல் வந்த நாளைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னார். அன்று கப்பல் முழுக்கக் கொடி கட்டிப் புதுப் பெண் கணக்காக நின்றதாக என் அட்டையிலேயே இருந்தது. வெள்ளைப் பட்டை பளிச்சென்று இருக்க வேண்டிய நாள். இருக்கட்டும் என்று விட்டேன்.

சங்கத்தின் கண்காட்சி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, இலையுதிர்காலத்தில், பழைய துறைமுகத்தில் ஒரு மண்டபத்தில் நடக்கும். பக்கத்திலேயே, விதானத்திலிருந்து குட்டிக் குட்டிக் கப்பல்கள் தொங்குமே, அந்த மாலுமிகளின் மாதா கோவில். போன தடவை எங்கள் கப்பல் முடியவில்லை. அவருக்கென்று ஒதுக்கிய மேசையில் வெறும் பெயர் அட்டை மட்டும் இரண்டு நாள் நின்றுகொண்டிருந்தது. இந்தத் தடவையும் வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு என்று தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார். இது போதாதென்று என் கணவர், அப்போது எங்களுக்குத் தெரிந்த அத்தனை தமிழ்க் குடும்பங்களையும் அழைத்துவிட்டார். அத்தனை என்றால் நான்கு. வில்லரேயிலிருந்து ஒரு டாக்டர் குடும்பம், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து விவசாயப் பேராசிரியர் குடும்பம், எங்கள் தெருவிலேயே இரண்டு. வாயைத் திறந்து எதையும் கேட்காத மனிதர், எல்லார் வீட்டுக்கும் தொலைபேசியில் கூப்பிட்டு, கட்டாயம் வரணும் என்று சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கண்காட்சி சனிக்கிழமை. அதே வாரம் புதன்கிழமை ஆயுத பூஜை.

எங்கள் வீட்டு ஆயுத பூஜைக்கு எதுவும் தப்பாது. தையல் மிஷின், டைப்ரைட்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, பனி அள்ளுகிற மண்வாரி, தெருவில் நிற்கிற கார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. மகளுக்கு அன்று புத்தகத்தைத் தொட வேண்டாம் என்பதால் தீபாவளியைவிட உசத்தியான பண்டிகை. கணவருக்குத்தான் கொஞ்சம் எரிச்சல். கடைசி நேரத்தில் ஒரு நாள் முழுக்க இடுக்கியைத் தொடக்கூடாதே. அலுவலகம் கிளம்பும்போது, "கப்பலுக்கு வேண்டாம், பக்கத்துல நாலு பூ வெச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னார். காதில் விழுந்தது. மண்வாரிக்குப் பொட்டு வைத்துவிட்டு ஆறு வருஷ உழைப்பை மொட்டையாக விட எனக்கு மனம் வரவில்லை. வலப்பக்கத்து வெள்ளைப் பட்டையில், பீரங்கி ஜன்னல்களுக்கு நடுவே வரிசையாகச் சந்தனம் இட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தேன். முகப்பில் ஒரு மரப் பெண் சிலை உண்டு, சுண்டுவிரல் உயரம். அவள் நெற்றியிலும் ஊசி முனையால் ஒரு துளி. சாயங்காலம் வந்து பார்த்தவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மறுநாள் விஜயதசமி. காலையில் பூஜை முடித்து, ஈரத்துணியால் பொட்டுகளைத் துடைத்தேன். சந்தனம் வந்தது, குங்குமம் வரவில்லை. ஊரிலிருந்து வந்த நல்ல குங்குமம் தீர்ந்துபோய், அந்தத் தடவை ஏதோ பாக்கெட்டைப் பிரித்திருந்தேன். குங்குமம் என்பது பேர்தான், அத்தனையும் சாயம். அழுத்தித் துடைத்தேன். இழுவிக்கொண்டு போனது. பெயின்டைக் கரைக்கிற டர்பன்டைனைத் தொட்டால் வருமே என்று என் புத்தி சொன்னது. டர்பன்டைன் பட்டதும் அந்தப் பட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ரோஜாப்பூ நிறமானது.

மாட்சிமை பொருந்திய அரசரின் போர்க்கப்பல் ஒரு பக்கம் ரோஸ் கலரில் நின்றது. நான் துணியோடு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

கணவருக்கு அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டியதாயிற்று. உடனே வந்தார். திட்டியிருந்தால் தேவலை, நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன். நேராகப் போய் ஓர் ஓரத்தில் வெள்ளைப் பெயின்டைத் தடவி, காயவைத்துப் பார்த்தார். சாயம் அதையும் ஊடுருவிக்கொண்டு ரோஸாக எழும்பியது. சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பதானால் எல்லாக் கயிற்றையும் பீரங்கியையும் கழற்ற வேண்டும், ஒரு மாதமாவது ஆகும் என்றார். அவர் தொலைபேசிப் பக்கம் நடந்தார். தலைவரைக் கூப்பிட்டு இடம் வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று தெரிந்தது.

"ஒரு அரை மணி பொறுங்க" என்றேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

ஷூ பெட்டிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கப்பலுக்கு நாற்பது வருஷம் நாட்கள் இருக்கின்றன. அதில் ஒரு நாளாவது இந்தப் பாழாய்ப்போன பட்டை அழுக்காக, அரைகுறையாக இருந்திருக்காதா? வண்ணம் அடித்ததாக எழுதியிருந்த அட்டைகளையெல்லாம் தனியே எடுத்தேன். பெரும்பாலும் ஒற்றை வரிதான்: இன்று வண்ணம் அடித்தனர். சென்னைக்கு எதிரே தபாலுக்காகக் காத்துக் கிடந்த நாட்களில் எழுதியவர் மட்டும் வேலை இல்லாத சலிப்பிலோ என்னவோ, விலாவாரியாக எழுதியிருந்தார். வலப்பக்கம் முழுவதும் சுரண்டப்பட்டது. பட்டைக்கு முதல் பூச்சு தரப்பட்டது. வெள்ளை ஈயப் பொடி, அதில் சிறிது சிவப்பு ஈயப் பொடி கலந்து. துவைத்த துணி காயப் போடப்பட்டது. கரையிலிருந்து கட்டுமரத்தில் கடிதங்கள் வந்தன.

என் கையெழுத்துதான், நானே மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதியதுதான். எழுதும்போது தோன்றாதது இப்போது தோன்றியது. வெள்ளையில் சிறிது சிவப்பு கலந்தால் என்ன நிறம்?

அட்டையைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். படித்தார். கப்பலைப் பார்த்தார். மறுபடி படித்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் விவரிக்கப்போவதில்லை. அதற்காக இன்னொரு சப்பாத்திப் பலகையைக் கொடுத்திருப்பேன்.

கப்பலின் தேதி மாறியது. அட்மிரல் போனார், சென்னை வந்தது. வெள்ளிக்கிழமை அவர் லீவு போட்டார். ஜுரம் வந்தால்கூடப் போடாதவர். மகளுக்கும் ஏதோ ஒரு காரணம் எழுதிக் கொடுத்து நிறுத்திக்கொண்டோம். கட்டியிருந்த கொடிகளையெல்லாம் அவிழ்த்தோம். ஐஸ்கிரீம் குச்சிகளைச் சீவிப் பலகைகள் செய்து, வண்ணம் அடிப்பவர்கள் நிற்பதற்காக வலப்பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார் அவர். என் பழைய பருத்திப் புடவையின் ஓரத்தைக் கத்தரித்து நகம் அளவுக்குச் சட்டைகள் வெட்டி, பாய்மரக் கயிறுகளில் உலர்த்தினாள் மகள். பெயின்ட் வாளிக்குத்தான் வழி தெரியாமல் விழித்தோம். நான் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஒரு கொத்தமல்லி விதையை இரண்டாகப் பிளந்தேன். உள்ளே குழிவாக, அளவெடுத்துச் செய்த வாளியாக இருந்தது. அவர் அதை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னும் ஆறு குடு" என்றார். மத்தியானம் தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மூவரும் கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தோம். வீடே கொத்தமல்லியும் டர்பன்டைனுமாக மணந்தது.

சனிக்கிழமை காலை, காரின் பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் கப்பலை ஏற்றினோம். மண்டபத்தில் மற்ற மேசைகள் எல்லாம் ஒரே யுத்தமயம். பீரங்கிகளை நீட்டிக்கொண்டு, கொடி பறக்க, வீராப்பாக நின்றன. நடுவே எங்கள் கப்பல் துணி உலர்த்திக்கொண்டு, பாதி பெயின்டில், ஒரு பக்கம் ரோஸாக நின்றது. நம் நான்கு குடும்பங்களும் வந்து சுற்றி நின்றார்கள். பேராசிரியரின் மனைவி என் காதருகில், "ஏன் பிங்க்?" என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்து அமுக்கினேன். தலைவர் வந்துகொண்டிருந்தார்.

பூதக்கண்ணாடியோடு முன்னாலிருந்து பின்னால் வரை குனிந்து குனிந்து பார்த்தார். துணிகளைக் காட்டினார்; அட்டையைக் கொடுத்தேன். தொங்கும் பலகைகளுக்கும் அதே அட்டை. ரோஸ் பட்டைக்கு வந்தார். என் கணவர் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். நான் அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். தலைவர் பட்டையை ஒட்டிக் கண்ணாடியை மெல்ல நகர்த்தினார். பிறகு, பதினைந்து வயதில் பட்டறையில் தன்னை முதன்முதலாகக் கலக்கச் சொன்ன பூச்சு இதுதான் என்றார். ஆளிவிதை எண்ணெயில் வெள்ளை ஈயம், அதில் ஒரு கைப்பிடி சிவப்பு. மரத்துக்கு முதல் பூச்சு எப்போதும் இந்த நிறம்தானாம். எல்லாரும் மேல்பூச்சைத்தான் செய்துகொண்டு வருகிறார்கள், இதை யாரும் செய்து தான் பார்த்ததில்லையாம். நிறத்தை எப்படி இவ்வளவு சரியாகக் கொண்டுவந்தீர்கள் என்று என் கணவரைக் கேட்டார்.

பொய் வராத மனிதர் அவர். "என் மனைவி கலந்தது" என்றார். அது உண்மைதான்.

தலைவர் முகப்புக்கு வந்தார். மரப் பெண்ணின் நெற்றியில் கண்ணாடியை வைத்தார். நான் துடைக்க மறந்த அந்தத் துளி, சிவப்பாக அங்கேயே இருந்தது.

"இதற்குக் காகிதம் எங்கே?"

எந்த லாக் புத்தகத்திலும் இல்லை. சென்னையில் யாரோ ஒரு பெண் வைத்தாள் என்று ஒரு கதை கட்டியிருக்கலாம். எனக்கு அது முடியாது, சரித்திரம் படித்தவள். கைப்பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்து, மேசை ஓரத்திலேயே குனிந்து ஆங்கிலத்தில் எழுதினேன். மற்ற அட்டைகளை எழுதிய அதே தோரணையில்: மாண்ட்ரியல். புதன்கிழமை. வானம் மேகமூட்டம். ஆயுத பூஜையை முன்னிட்டுக் கப்பலுக்குச் சந்தனமும் குங்குமமும் இடப்பட்டன. முகப்புப் பெண்ணின் பொட்டு மட்டும் அழிக்கப்படவில்லை.

வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். தலைவர் அட்டையை என்னிடமே திருப்பி நீட்டி, தன் பேனாவையும் கொடுத்தார். எழுதியவர் கையெழுத்து இல்லாத காகிதத்தைத் தான் ஏற்பதில்லை என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் எம்.ஏ. என்றும் எழுதினேன். அவர் அந்த அட்டையை வரலாற்று அட்டைகளின் கடைசியில் வைத்துக் கிளிப் போட்டு, கப்பலின் முன்னால் எல்லாரும் பார்க்கும்படி நிறுத்திவிட்டு, அடுத்த மேசைக்குப் போனார்.